பழைய கேமராவுல இன்ஃப்ராரெட் போட்டோ: ரிமோட் டெஸ்ட்ல ஆரம்பிச்சு கன்வெர்ஷன் வரைக்கும்

ஆடி மாசம், மதியம் 12 மணி, கல்லணைப் பக்கம் குறுவை நட்டு ஒரு மாசம் ஆன வயல், வரப்புல ட்ரைபாட் போட்டு நின்னுட்டு இருந்தேன். லேண்ட்ஸ்கேப் எடுக்கிறவங்க யாரும் கேமராவை பையிலருந்து வெளிய எடுக்காத நேரம் அது, வெயில் உச்சந்தலையில, வானம் வெளிறிப்போய் கிடக்கு. லென்ஸ் முன்னாடி ஒரு கறுப்புக் கண்ணாடிய மாட்டி 15 செகண்ட் ஷட்டரைத் திறந்து வச்சேன், ஸ்கிரீன்ல வந்த படத்துல மொத்த வயலும் பஞ்சு விரிச்ச மாதிரி வெள்ளை, தென்னை ஓலை ஒவ்வொண்ணும் வெள்ளி, வாய்க்கால் தண்ணி மட்டும் மை ஊத்தின மாதிரி கறுப்பு. அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடல. இதை ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்க எந்த வரிசையில போனா காசும் நேரமும் வீணாகாதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் இங்க கொட்டிடறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இன்ஃப்ராரெட்னு சொன்னதும் நிறைய பேர் காய்ச்சல் பாக்குற தெர்மல் கேமராவை நினைச்சுக்கிறாங்க. அது வேற, அது 8லருந்து 14 மைக்ரோமீட்டர் வரைக்கும் உள்ள அலைநீளத்துல சூட்டையே படமா காட்டுறது. நாம எடுக்கப்போறது கண்ணுக்குத் தெரியிற சிவப்பு முடியிற இடத்துக்குப் பக்கத்துலயே, சுமார் 700 நானோமீட்டர்லருந்து 1100 வரைக்கும் உள்ள வெளிச்சம். அதுவும் சூரியன்லருந்து வந்து பொருள் மேல பட்டுத் திரும்புற வெளிச்சம்தான், உடம்புச் சூடு எதுவும் இதுல தெரியாது. 1800ல வில்லியம் ஹெர்ஷல் பட்டகத்துல வெளிச்சத்தைப் பிரிச்சு சிவப்புக்கு வெளிய தெர்மாமீட்டரை வச்சப்ப சூடு ஏறினதைப் பாத்துக் கண்டுபிடிச்ச அதே வெளிச்சம். 1910ல ராபர்ட் வுட்னு ஒரு அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் இதுல எடுத்த நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார், இலை வெள்ளையா தெரியிறதுக்கு இன்னிக்கும் வுட் எஃபெக்ட்னுதான் பேரு.

இலை ஏன் வெள்ளையாகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா எங்க போய் எடுக்கணும்னு தானா தெரிஞ்சிடும், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சும், ஆனா 700 நானோமீட்டரைத் தாண்டினதும் அது கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தை விட்டுடும். உள்ள போன வெளிச்சம் இலைக்குள்ள இருக்கிற செல்லுக்கும் காத்து இடைவெளிக்கும் நடுவுல மோதி மோதிச் சிதறி வெளிய வருது, பனியும் உப்பும் வெள்ளையா தெரியிற மாதிரிதான். அதனாலதான் சதைப்பிடிப்பான, தண்ணி குடிச்சு நல்லா வளர்ந்த இலை பளீர்னு வெள்ளை, காஞ்ச சருகு மங்கல். நாத்து, வேப்பங்கொழுந்து, வாழை, புளியமரம் எல்லாம் அருமையா வரும். வானம் கறுக்கிறதுக்குக் காரணம் காத்துல வெளிச்சம் சிதறுறது. அலைநீளம் ரெண்டு மடங்கானா சிதறல் 16ல ஒரு பங்காயிடும், 400 நானோமீட்டர் நீலம் சிதறுற அளவுல 800ல பதினாறுல ஒண்ணுதான். அதனால நீல வானம் கறுத்து, மேகம் மட்டும் தூக்கி நிறுத்தின மாதிரி தெரியும். தூரத்து மலையை மறைக்கிற நீல மங்கலும் நல்லா குறையும். ஆனா மார்கழிப் பனிமூட்டம் இதுக்கெல்லாம் அசையாது, அதுல இருக்கிற நீர்த்துளி பெருசு, எல்லா வெளிச்சத்தையும் ஒரே மாதிரி சிதறடிச்சிடும்.

சரி, கேமராவுக்கு வருவோம். டிஜிட்டல் சென்சர் சிலிக்கான், அதுக்கு 1100 நானோமீட்டர் வரைக்கும் கண் தெரியும். கலர் கெட்டுப்போகக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க சென்சர் முன்னாடி இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற ஒரு கண்ணாடி வச்சிருக்காங்க. அது எவ்வளவு கறாரா தடுக்குதுங்கிறது கேமராவுக்கு கேமரா மாறும். நிக்கான் டி70, டி50, டி40 மாதிரி பழைய பாடி நிறையவே விட்டுடும், புது கேமரா பெரும்பாலும் கறார். 2006ல வந்த லைக்கா எம்8ல அந்தக் கண்ணாடி ரொம்ப மெலிசா இருந்ததால கறுப்புத் துணியெல்லாம் கத்திரிப்பூ கலர்ல விழுந்துச்சு, கடைசியில கம்பெனியே வாங்கினவங்களுக்கு லென்ஸ்ல மாட்ட ஃபில்டர் குடுக்க வேண்டியதாச்சு. நம்ம வேலைக்கு அது வரம்.

உங்க கேமரா எப்படின்னு பாக்க டிவி ரிமோட் போதும். ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு, கேமராவை ஒரு மேஜை மேல வச்சு, ரிமோட்டோட முன்பக்கத்தை லென்ஸைப் பாத்து நீட்டி பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு 5 செகண்ட் எக்ஸ்போஷர் குடுங்க. ரிமோட் பல்பு பளிச்சுனு எரியிற மாதிரி விழுந்தா நல்ல சகுனம், மங்கலா ஒரு புள்ளிதான்னா ஃபில்டர் போட்டு எடுக்கிறப்ப நிமிஷக் கணக்குல ஷட்டர் திறந்து வைக்க வேண்டியிருக்கும். போன்லயும் பாக்கலாம், நிறைய போன்ல பின் கேமராவை விட செல்ஃபி கேமராவுல தெளிவா தெரியும். இந்த டெஸ்ட் பண்ணாம ஃபில்டர் வாங்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

ஃபில்டர்னா முதல்ல 720 நானோமீட்டர் வாங்குங்க, அதாவது சுமார் அந்த அலைநீளத்துக்கு மேல உள்ள வெளிச்சத்தை மட்டும் உள்ள விடுற கறுப்புக் கண்ணாடி. ஹோயா ஆர்72 இதுல பேர் போனது, பழைய கோடாக் ராட்டன் 89பிக்கு கிட்டத்தட்ட சமம். 590, 665, 850னு வேற நம்பரும் இருக்கு, ஆனா சாதாரண கேமராவுல 590 போட்டா கண்ணுக்குத் தெரியிற சிவப்புதான் அதிகமா உள்ள வரும், ஏன்னா உள்ள இருக்கிற கண்ணாடி இன்ஃப்ராரெட்டைத் தடுத்துக்கிட்டே இருக்கே, அதனால வெறும் சிவப்புப் படம்தான் கிடைக்கும். 850 போட்டா ஷட்டர் நேரம் எங்கயோ போயிடும். உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய லென்ஸோட சைஸுக்கு ஒரு ஃபில்டர் வாங்கிட்டு, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப் அப் ரிங் போட்டுக்கோங்க, அதுதான் சிக்கனம்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசா எடுத்துக்காதீங்க. அந்த ஃபில்டர் கண்ணுக்குக் கறுப்பா தெரியுதுன்னு அது வழியா சூரியனைப் பாக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அப்படியே உள்ள வரும், இருட்டா இருக்குன்னு கண் பாப்பாவும் விரிஞ்சிருக்கும், விழித்திரை வெந்துபோனா திரும்ப வராது. குழந்தைங்க கையில குடுக்காதீங்க.

எடுக்கிற முறைக்கு வர்றேன். உள்ள ஒரு மிரர் வச்சு லென்ஸ் வழியாவே காட்சியைக் காட்டுற டிஎஸ்எல்ஆர் கேமராவுல ஃபில்டர் மாட்டிட்டா, கண் வச்சுப் பாக்குற வியூஃபைண்டர்ல ஒண்ணும் தெரியாது, அதனால ஃபில்டர் இல்லாம ட்ரைபாட்ல வச்சு ஃப்ரேம் பண்ணி ஃபோகஸ் பண்ணி, மேனுவல் ஃபோகஸுக்கு மாத்தி, அப்புறம் ஃபில்டரைத் திருகணும். திருகும்போது ஃபோகஸ் ரிங் அசைஞ்சிடும், ஒரு கையால லென்ஸைப் பிடிச்சுக்கோங்க, அந்த இடத்துல சின்ன டேப் ஒட்டினா இன்னும் நல்லது. இன்ஃப்ராரெட் ஃபோகஸ் ஆகுற இடம் கொஞ்சம் தள்ளி விழும், பழைய மேனுவல் லென்ஸ்ல இதுக்குன்னே சிவப்புப் புள்ளி போட்டிருப்பாங்க, ஃபோகஸ் ஆன தூரத்தை அந்தப் புள்ளிக்கு நேரா திருப்பிக்கணும். புது லென்ஸ்ல அந்த அடையாளம் இருக்காது, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸோட துவாரத்தை, எஃப் 8ல வச்சு அகலமா காட்டுற வைட் லென்ஸ்ல எடுத்தா பெரும்பாலும் சமாளிச்சிடும். லைவ் வியூவுல ஃபில்டரோட ஏதாவது தெரியிற கேமரான்னா வெயில் பட்ட ஓரத்துல பெருசாக்கிப் பாத்து அங்கயே ஃபோகஸ் பண்ணிக்கோங்க, அதுதான் இருக்கிறதுலயே சரியான வழி.

நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ (சென்சரோட உணர்திறன்) 200, எஃப் 8, 15 செகண்ட்ல ஆரம்பிங்க, அங்கிருந்து மேலயோ கீழயோ போகலாம். டிஎஸ்எல்ஆர்னா வியூஃபைண்டரோட கண் வைக்கிற ஓட்டையைக் கண்டிப்பா மூடணும், இத்தனை நேரம் ஷட்டர் திறந்திருக்கப்ப அது வழியா வெளிச்சம் உள்ள புகுந்து படத்துல ஊதாப் பட்டை விழும், மடிச்ச கர்ச்சீஃப் போட்டாலே போதும். சென்சர் பாத்ததை அப்படியே சேமிக்கிற ரா ஃபைல்லதான் எடுக்கணும், இதுல பேரமே கிடையாது. புள்ளி புள்ளியா விழுற நாய்ஸைக் குறைக்கிற லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு வச்சா நல்லது, ஆனா 15 செகண்ட் எடுத்தா இன்னொரு 15 செகண்ட் கேமரா சும்மா நிக்கும், பொறுமையா இருங்க. காத்தடிச்சா இலையெல்லாம் கலங்கிடும். அதைச் சண்டை போட்டு நிறுத்த முடியாது, அதனால அந்தக் கலங்கலையே படத்துக்குள்ள சேத்துக்கிட்டு, அசையாத ஒண்ணை முன்னாடி வைங்க, மண்டபத் தூணு, படித்துறை, மதகு, இந்த மாதிரி. கல்லு கூர்மையா நிக்க பின்னாடி மரம் வெள்ளைப் புகையா ஆடுறது ஃபில்டர் முறையில மட்டும் கிடைக்கிற அழகு, உள்ள இருக்கிற தடுப்புக் கண்ணாடியை மாத்தி கன்வெர்ட் பண்ண கேமராவுல (அதைப் பத்திக் கீழ சொல்றேன்) இதைத் தேடிப் போகணும்.

எக்ஸ்போஷர்ல ஆரம்பத்துல எல்லாரும் தப்பு பண்ற இடம் ஹிஸ்டோகிராம், படத்துல இருட்டு எவ்வளவு வெளிச்சம் எவ்வளவுன்னு இடமிருந்து வலமா காட்டுற வரைபடம். வெள்ளையா தெரியிற ஒத்தை ஹிஸ்டோகிராமை நம்பாதீங்க. 720ல சிவப்பு சேனல், அதாவது படத்தோட சிவப்புப் பங்கு, பச்சை, நீலம் ரெண்டையும் விட ரொம்ப முன்னாடி ஓடும், மொத்த ஹிஸ்டோகிராம் நடுவுல சமர்த்தா இருக்கிறப்பவே சிவப்பு வலது சுவத்துல முட்டி உடைஞ்சு போயிருக்கும், அப்புறம் இலையில இருக்கிற நரம்பு, மடிப்பு எதையும் திரும்பக் கொண்டுவர முடியாது. மூணு கலரும் தனித்தனியா காட்டுற ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணி, சிவப்பு முட்டாம நிறுத்துங்க.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்லிக் குடுக்கிறது. அப்படியே எடுத்தா படம் முழுக்க குங்குமத்துல முக்கின மாதிரி இருக்கும், பாத்தவுடனே ஏதோ கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க. வெயில் பட்ட புல்லையோ இலையையோ ஃப்ரேம் நிறைய, அதே ஃபில்டரோட எடுத்து, அதை கஸ்டம் ஒயிட் பேலன்ஸா வைங்க. சில கேமரா ஏத்துக்காது, ஏத்துக்கிற கேமராவுல உடனே இலை வெள்ளையாகி, வானம் செம்பழுப்பா வரும். ஸ்கிரீன்லயே படத்தைப் படிக்க முடியிறது எவ்வளவு பெரிய உதவின்னு களத்துல நின்னா தெரியும்.

இனி லென்ஸ். ஹாட் ஸ்பாட்னு ஒரு தொல்லை இருக்கு, படத்து நடுவுல வட்டமா வெளுத்த திட்டு விழும். லென்ஸோட கோட்டிங் எல்லாம் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துக்குன்னு பண்ணது, இன்ஃப்ராரெட் உள்ள மோதித் திரும்பி நடுவுல குவியுது. ரெண்டு லட்ச ரூபாய் லென்ஸ்ல வரும், கேமராவோட சேத்துக் குடுத்த கிட் லென்ஸ்ல வராம இருக்கும், விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பர்ச்சரை மூட மூட அதிகமாகும். வீட்டுக்கு வெளிய மேகமில்லாத வானத்தையோ வெறும் சுவத்தையோ எஃப் 4, 5.6, 8, 11, 16னு வரிசையா எடுத்து, கம்ப்யூட்டர்ல கான்ட்ராஸ்ட்டை ஏத்திப் பாத்தா உங்க லென்ஸ் எந்த நம்பர் வரைக்கும் நல்லவன்னு தெரிஞ்சிடும். அந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதி லென்ஸ் மூடிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன் நான். லென்ஸ் ஹூட் எப்பவும் போடுங்க.

இப்படி மூணு நாலு மாசம் ஃபில்டர்ல எடுத்துப் பாத்து, இன்னும் ஆசை குறையலன்னா அப்ப கன்வெர்ஷனைப் பத்தி யோசிங்க. அலமாரியில சும்மா கிடக்கிற பழைய பாடி ஒண்ணு இருந்தா அதுக்கு இதை விட நல்ல வாழ்க்கை கிடையாது. சென்சர் முன்னாடி இருக்கிற அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துட்டு, அதே இடத்துல இன்ஃப்ராரெட் ஃபில்டரையே பதிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் ட்ரைபாட் வேண்டாம், வெயில்ல ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 250ல ஒரு செகண்ட்னு கையில பிடிச்சே எடுக்கலாம், ஆளுங்களை எடுக்கலாம், ஓடுற பையனை எடுக்கலாம்.

எந்த ஃபில்டர் பதிக்கிறதுன்னு முடிவு பண்றதுதான் கஷ்டம். 590 போட்டா சிவப்பு, ஆரஞ்சும் உள்ள வரும், எடிட்டிங்ல தங்க நிற இலையும் நீல வானமும் கிடைக்கும். 720 நடுவாந்திரம், கொஞ்சம் கலரும் உண்டு, பிளாக் அண்ட் ஒயிட்டும் நல்லா வரும். 850ல சென்சரோட மூணு கலர் ஃபில்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு விட்டுடுறதால கலரே இருக்காது, கறுப்பு வெள்ளைக்குன்னே பிறந்தது. ஃபுல் ஸ்பெக்ட்ரம்னு ஒண்ணு இருக்கு, வெறும் கண்ணாடி மட்டும் பதிச்சிட்டு, வேணுங்கிற ஃபில்டரை லென்ஸ்ல மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். உள்ள மிரர் இல்லாம சென்சர் பாக்குறதையே காட்டுற மிரர்லெஸ் கேமரான்னா தயங்காம ஃபுல் ஸ்பெக்ட்ரம் போங்க. டிஎஸ்எல்ஆர்னா 720 பதிச்சிடுங்க, ஏன்னா ஃபில்டர் உள்ள இருந்தா வியூஃபைண்டர் எப்பவும் போல தெளிவா இருக்கும், ஃபுல் ஸ்பெக்ட்ரம் ஆக்கிட்டு வெளிய கறுப்பு ஃபில்டர் மாட்டினா மறுபடியும் வியூஃபைண்டர் இருட்டுதான். 850ல இருந்து கலருக்குப் போக முடியாது, ஆனா 720 பாடியில லென்ஸ் முன்னாடி 850 மாட்டி எடுக்கலாம், இதையும் கணக்குல வச்சுக்கோங்க.

மிரர்லெஸ்ஸை நான் அழுத்திச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் ஃபோகஸ். அது சென்சர்லயே ஃபோகஸ் பாக்குது, அதனால இன்ஃப்ராரெட்ல எங்க கூர்மையோ அங்கயே நிக்கும். டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் பாக்குற சென்சர் வேற இடத்துல இருக்கு, அது சாதாரண வெளிச்சத்துக்குன்னு பழகினது. நான் முதல் பாடியை ஒரு இடத்துல குடுத்து கன்வெர்ட் பண்ணேன், கண்ணாடி மாத்தினது சுத்தமா இருந்துச்சு, ஆனா ஃபோகஸை அட்ஜஸ்ட் பண்ணாமலே அனுப்பிட்டாங்க. திருவையாறு படித்துறையில ஒரு பாட்டியைக் கேட்டு நிக்க வச்சு எடுத்த இருபது படத்துலயும் அவங்க முகம் மங்கல், பின்னாடி இருந்த அரசமரம் இலை இலையா தெளிவு. அந்த வலி இன்னும் இருக்கு, அவங்களை மறுபடி பாக்க முடியல. அதனால குடுக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த லென்ஸை வச்சு ஃபோகஸ் சரி பண்ணுவீங்க, பதிக்கிற கண்ணாடியோட தடிமன் என்ன. பழைய கண்ணாடியோட ஒளித் தடிமனுக்குப் பொருந்தாத கண்ணாடி போட்டா ஃபோகஸ் தள்ளிப்போகும். ஏற்கனவே பண்ணிட்டு ஃபோகஸ் தள்ளி விழுதுன்னா லைவ் வியூவுல எடுங்க, எக்ஸ்போஷர் மீட்டரும் அதுலதான் நம்பகமா இருக்கும்.

வீட்டுலயே பிரிச்சுப் பாக்கலாம்னு வீடியோ நிறைய இருக்கு. ஃப்ளாஷ் வச்ச கேமராவுல இருக்கிற கெப்பாசிட்டர் பேட்டரியைக் கழட்டின பிறகும் 300 வோல்ட் பக்கம் சார்ஜைத் தேக்கி வச்சிருக்கும், விரல் பட்டா தூக்கி அடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலை பழகாதவங்க அதுல கை வைக்க வேண்டாம். பிரிக்கவே வேண்டாத வழியும் உண்டு: சிக்மா எஸ்டி குவாட்ரோவுல அந்தத் தடுப்புக் கண்ணாடியை நாமளே கழட்டி மாட்டலாம், ஃபூஜிஃபில்ம் 2015ல எக்ஸ்-டி1 ஐஆர்னு தடயவியல், மருத்துவம், ஆராய்ச்சி மாதிரி வேலைகளுக்காக ஒண்ணு விட்டாங்க, செகண்ட் ஹேண்ட்ல கண்ணுல பட்டா விசாரிச்சுப் பாருங்க.

ஆளுங்களை எடுக்கிறப்ப சில ஆச்சரியம் காத்திருக்கு. தோல் பால் மாதிரி வழவழன்னு வரும், பரு, தழும்பெல்லாம் மறையும், ஆனா கையில பச்சை நரம்பு கறுப்பா எழும்பும். துணியோட சாயம் நிறைய இன்ஃப்ராரெட்டை விட்டுடும். என் தம்பி போட்டிருந்த கறுப்புச் சட்டை, மேல பாக்கெட் தைச்ச நூல் மட்டும் கருகருன்னு நிக்க, சட்டை மொத்தமும் வெளிர்ச் சாம்பலா வந்துச்சு. சாயம் ஒண்ணு, நூல் வேற போல, கண்ணுக்கு ரெண்டும் ஒரே கறுப்புதான். கூலிங் கிளாஸ் பலதும் நிறமில்லாத வெறும் கண்ணாடி மாதிரி உள்ள இருக்கிற கண்ணைக் காட்டிடும். ஒரு கல்யாணத்துல எடுக்கிறதா இருந்தா முன்னாடியே துணியை ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க.

கடைசி வேலை கம்ப்யூட்டர்ல. லைட்ரூம்ல டெம்பரேச்சர் 2000 கெல்வினுக்குக் கீழ இறங்காது, இன்ஃப்ராரெட் அதுக்கும் கீழ கேக்கும், அதனால சிவப்பு போகவே மாட்டேங்குதுன்னு தவிப்பீங்க. அடோபியோட டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டர் இலவசம், அதுல உங்க கேமராவோட ஒரு ஃபைலைத் திறந்து ஒயிட் பேலன்ஸ் டெம்பரேச்சரை மைனஸ் 100க்கு இழுத்து ப்ரொஃபைலா சேமிச்சு, லைட்ரூம்ல அதைத் தேர்ந்தெடுத்தா ஸ்லைடருக்கு நிறைய இடம் கிடைக்கும். ஒரு தடவை பண்ணா அந்த கேமராவுக்கு எப்பவும் போதும். காசு குடுக்க விருப்பமில்லன்னா டார்க்டேபிள், ரா தெரபி ரெண்டும் இலவசம், இலை மேல பிக்கரை வச்சாலே சரியாயிடும்.

நீல வானம் வேணும்னா சேனல் ஸ்வாப், அதாவது சிவப்பையும் நீலத்தையும் இடம் மாத்துறது. ஃபோட்டோஷாப்லயோ கிம்ப்லயோ சேனல் மிக்சரைத் திறந்து, சிவப்பு சேனல்ல சிவப்பை 0 ஆக்கி நீலத்தை 100 ஆக்குங்க, நீல சேனல்ல நீலத்தை 0 ஆக்கி சிவப்பை 100 ஆக்குங்க, பச்சையைத் தொடாதீங்க. செம்பழுப்பு வானம் சட்டுனு நீலமாகும், அந்த ஒரு நொடி எத்தனை தடவை பாத்தாலும் எனக்குச் சலிக்கல. அப்புறம் இலையில லேசா மஞ்சளோ இளஞ்சிவப்போ தங்கும், அதோட சாச்சுரேஷனைக் குறைங்க. ஆனா எல்லாப் படத்துக்கும் இதைப் போடாதீங்க. கல் கோபுரம், மண்டபம், பாறை முக்கியமா இருக்கிற படம்னா கறுப்பு வெள்ளைதான் என் கட்சி, வெயில்ல நின்ன கருங்கல்லுக்கும் கறுத்த வானத்துக்கும் நடுவுல வெள்ளை மரம் நிக்கிறப்ப கலர் தொந்தரவு. அப்படி மாத்தும்போது மூணு சேனலையும் தனித்தனியா திறந்து பாருங்க, 720ல நீல சேனல்ல நாய்ஸ் அதிகமா இருக்கும், சிவப்பு சேனல் சுத்தமா இருக்கும், அதையே பெரும்பங்கா எடுத்துக்கிட்டா பிரிண்ட் போட்டப்பவும் வானம் மணல் மணலா தெரியாது.